பன்னிரண்டுக்கு மேல் அப்படியே

ஐந்தரைக்கு எழும்புவேன். போர்வையை மடிப்பேன். கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டு முகம் கழுவுவேன். கேத்தல் தானாக நிற்கும் சத்தம் கேட்டதும் தேயிலை போடுவேன். வீதியில் சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். இறங்கிப் போய் அரை றாத்தல் பாண் வாங்குவேன். பட்டர் பூசிச் சாப்பிடுவேன். துணுக்குகளை ஜன்னல் விளிம்பில் வைப்பேன், மைனா வரும். சேட்டை ஸ்திரி போடுவேன். சாரத்துக்கு மேலே அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் உட்காருவேன். கமராவுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

என் மனைவி ஷிரானி இருந்தபோதும் இதே ஒழுங்குதான். பாண் மட்டும் ஒரு றாத்தல். போன வருடம் ஒக்டோபரில் டெங்கு வந்து இறந்தாள். அதன் பிறகு எதையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும். கண்டியில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்துக்காக, வணிக டிப்ளோமா மாணவர்களுக்கு விரிதாளும் தரவுத்தளமும் இணையத்தில் படிப்பிக்கிறேன். நான் மாத்தளையில் இருக்கிறேன். மாணவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் போனில் பார்ப்பார்கள். சிலர் பஸ்ஸில் நின்றபடி பார்ப்பார்கள். ஒரு முறை ஒருவர் தலைமயிர் வெட்டிக்கொண்டே வந்தார். சலூன்காரரும் கொஞ்சம் படித்தார்.

சுபாஷினி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருவாள். வருவாள் என்றால், அவள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டாங்கி கட்டிய மேடு ஒன்று இருக்கிறது. அங்கே ஏறினால் சிக்னல் கிடைக்கும். திரையில் அவள் முகத்துக்குப் பின்னால் எப்போதும் டாங்கியும் பனியும்தான். சில நாள் குடை.

இந்தப் பாடத்தில் அவள் ஒரு தடவை தோற்றிருந்தாள். இரண்டாவது தடவையும் தோற்றால் டிப்ளோமா கிடையாது. டிப்ளோமா இருந்தால் மாத்தளையில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பனியில் பயிலுநராக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் கட்டுநாயக்காவில் கார்மெண்ட் வேலை. அவளுடைய சித்தி அங்கே இருக்கிறாள். பெயரும் கொடுத்தாயிற்று. திருவிழா முடிந்த கிழமை தோட்டத்துப் பெண்களை ஏற்ற வேன் வரும்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாஸானா படி, இல்லன்னா வேன்ல ஏறுன்னு சொல்றாங்க சேர். சீட்டும் ஜன்னல் பக்கமா பாத்து வச்சிருக்காங்களாம்."

கடைசி மதிப்பீடு ஒரு செயற்றிட்டம். உண்மையான ஓர் இடத்துக்கு, உண்மையாகப் பயன்படுகிற ஒரு தரவுத்தளம் செய்ய வேண்டும். அது வேலை செய்கிறதா என்று ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் கடையையும் பாமசியையும் எடுத்தார்கள். சுபாஷினி சாமியை எடுத்தாள்.

அந்தத் தோட்டத்தில் சித்திரை மாதம் முருகன் கோயில் திருவிழா. கடைசி நாள் சாமி வரிசை வீடுகளான ஒவ்வொரு லயத்துக்கும் வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பார். வீட்டுக்காரர்கள் அர்ச்சனைத் தட்டோடு காத்திருப்பார்கள். பூசாரி வீட்டில் உள்ளவர்களின் பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் கேட்டுக் கேட்டுச் சொல்லி அர்ச்சனை செய்வார். கேட்பதில்தான் நேரம் போகும். ஒருவருக்கு நட்சத்திரம் மறந்துவிடும். இன்னொருவர் டுபாயில் இருக்கும் மகனுக்குப் போன் எடுப்பார். பன்னிரண்டு லயம். ஒவ்வொன்றிலும் பதினான்கு, பதினாறு வீடு. சித்திரையில் பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். போன வருடம் பத்தாம் லயம் முடியும்போதே கொட்டத் தொடங்கி, பதினோராம் லயத்துக்குச் சாமி பொலித்தீன் தாளைப் போர்த்திக்கொண்டு போனார். பன்னிரண்டாம் லயத்துக்குப் போகவேயில்லை. அது பெரிய சண்டையாகிவிட்டது.

"எல்லாரோட பேரையும் முன்னுக்கே எடுத்து, வீட்டு நம்பரோட பிரிண்ட் பண்ணி வச்சா, பூசாரி ஐயா கேக்கத் தேவையில்ல. வாசிச்சுக்கிட்டே போகலாம்" என்றாள். கோயில் தலைவர் இராமையாவைச் சம்மதிக்க வைக்க மூன்று கூட்டம் எடுத்ததாம்.

இரண்டு அட்டவணைகள். ஒன்று வீடுகள். கல்வி நிலையம் இரவலாகத் தந்த மடிக்கணினியில் அதை அடித்தாள். மற்றது ஆட்கள். வீடு வீடாகப் போய்த் தன் போனிலேயே அதைப் பதிந்தாள். இரண்டையும் இணைப்பது வீட்டு எண். ஐந்தாம் லயம் பன்னிரண்டாம் வீடு என்றால் 5/12. தோட்டத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். கடிதமும் அப்படித்தான் வரும்.

ஒருநாள் வகுப்பில் தன் திரையைக் காட்டினாள். வீட்டு எண் வரிசை முழுக்க டிசெம்பரும் மேயும் ஜூலையுமாக இருந்தது.

"சேர், எங்க லயம் எல்லாம் மாசமாயிடுச்சு."

றம்ஸி மைக்கைத் திறந்தான். உக்குவளையில் வாப்பாவின் ஹாட்வெயார் கடைக்குள்ளிருந்து வகுப்புக்கு வருகிறவன். வாய் சும்மா இருக்காது.

"சுபா, உங்க தோட்டத்துல ஏப்ரல் மாசம் வாடகைக்கு இருந்தா சொல்லுங்க. பெருநாளுக்கு வந்து தங்கிட்டுப் போவம்."

"உங்களுக்கு பெப்ரவரிதான் தருவம். சின்னதா இருக்கும். வாடகையும் கொறைவு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காரணத்தைச் சொன்னேன். சாய்கோடு போட்டு இரண்டு எண்ணை அடித்தால் இயந்திரம் அதைத் திகதி என்று நினைத்துக்கொள்ளும். அடிக்கும் முன்பே அந்த வரிசையை எழுத்து வகை என்று அறிவிக்க வேண்டும். அடித்ததை அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். இதில் பாதி சொல்லும்போது டாங்கியும் பனியும் அப்படியே உறைந்து நின்றன. சிக்னல் போய்விட்டது.

அடுத்த வகுப்பில் வரிசை சரியாக இருந்தது. 5/12, 5/13, 6/1. "சரி பண்ணிட்டேன் சேர்" என்றாள். சோதித்துப் பார்ப்போம், உங்கள் வீட்டு எண்ணைக் கொடுங்கள் என்றேன். 7/7 என்று அடித்தாள். புஷ்பவதி, பூரம், சிம்மம். சுபாஷினி, ரேவதி, மீனம். அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள். நல்லது என்றேன்.

திருவிழாக் கடைசி நாள் காலை பஸ்ஸில் போனேன். ரத்தோட்டையில் இறங்கி ஓட்டோ எடுத்தேன். மேலே போகப் போகக் குளிர்ந்தது. மிளகுக் கொடியும் கராம்பும் முடிந்து தேயிலை தொடங்கியது. கோயிலுக்கு முன்னால் ட்ரக்டர் பெட்டியில் தேர் கட்டியிருந்தார்கள். குருத்தோலையும் கலர் கடதாசியும் வைத்து நன்றாகவே கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்தது.

சுபாஷினியை முதல் முறையாக முழு உருவத்தில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் கட்டை. பச்சைச் சேலை. கையில் ஒரு கோப்பு, அதில் வீட்டுக்கு ஒரு தாள், லய ஒழுங்கில்.

"சேர் இன்னைக்கு சாரம் இல்ல, களுசான் போட்டிருக்கீங்க" என்றாள்.

"ஏன்?"

"ஒருநாள் நீங்க சார்ஜர் எடுக்க எழும்புனீங்க. நாங்க எல்லாம் பாத்துட்டம். யாரும் சொல்லல."

இராமையா வந்து கையைப் பிடித்தார். கறுத்த, உயர்ந்த மனிதர். தோளில் சிவப்புத் துண்டு. "இந்தப் புள்ள சொன்னதால செய்யிறோம் சேர். சாமி காரியம். பிசகிச்சுன்னா பதினோராம் லயத்துக்காரன் என்னைய தேர்ல கட்டி இழுப்பான்" என்றார்.

"பிசகாது" என்றேன்.

தப்பு மேளம் அடித்தார்கள். தேர் கிளம்பியது. முதலாம் லயம், முதலாம் வீடு. சுபாஷினி தாளை நீட்டினாள். பூசாரி வாசித்தார். பெயர்கள் சரி. சூடம் காட்டினார். தேர் நகர்ந்தது. இவ்வளவுதானா என்பதுபோல அந்த வீட்டுக்காரர் தட்டைப் பிடித்தபடி நின்றார். இராமையா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டாவது வீடு. வாசலில் வள்ளியக்கா என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் தட்டோடு நின்றாள். பின்னால் புருஷன் வடிவேல், புதுச் சாரத்தில். பூசாரி வாசித்தார்.

"மாரிமுத்து, ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி."

வள்ளியக்கா தட்டை நகர்த்தவில்லை.

"ஐயா, மாரிமுத்து எப்ப எங்க வீட்டுக்கு வந்தான்?"

கூட்டத்தில் யாரோ, "வடிவேலு, நீ எங்கடா இருக்க?" என்று கேட்டார்.

"நான் இங்கதான் இருக்கேன். என்னைய எடுத்துட்டாங்க போல" என்றார் வடிவேல்.

"மாரிமுத்து பொண்டாட்டிக்கு இது தெரியுமா?"

"தெரியும், தெரியும், அவ பேரும் அடுத்த வரியில இருக்கு" என்றார் பூசாரி, தாளைப் பார்த்துக்கொண்டே. தப்பு அடிக்கிறவர் தப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வீட்டிலும் வேறு யாரோ. அங்கே சிரிப்பு குறைந்துவிட்டது. நான்காவது வீட்டுக் கிழவர் செத்துப்போன தன் தம்பியின் பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இராமையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"போதும்மா. கொண்டா அத இப்பிடி. ஐயா பழையபடி கேட்டே சொல்லட்டும்."

"பழையபடின்னா?" ஒருவர் முன்னால் வந்தார். பதினோராம் லயத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. "போன வருஷமும் நாங்கதான் நனைஞ்சம். இந்த வருஷமும் நாங்களா? மேல் லயத்துக்கு மட்டுந்தானா சாமி?"

"நான் என்னடா பண்ண? கம்பியூட்டரக் கேளு."

எல்லோரும் சுபாஷினியைப் பார்த்தார்கள். அவள் அம்மா புஷ்பவதி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அவள் மனதில் வேன் வந்து நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அவள் எண்களை மாற்றவில்லை. அவை தோன்றுகிற விதத்தை மட்டும் மாற்றியிருக்கிறாள். மேலே 5/12 என்று தெரிந்தாலும் உள்ளே அது திகதியாகவே கிடந்தது. மடிக்கணினி நாளை முதலில் வைத்து வாசிக்கும். அதற்கு அது டிசெம்பர் ஐந்து. அவளுடைய போன் மாதத்தை முதலில் வைத்து வாசிக்கும். அதற்கு அது மே பன்னிரண்டு. இரண்டையும் இணைத்தபோது ஐந்தாம் லயத்தின் பன்னிரண்டாம் வீட்டு ஆட்கள் பன்னிரண்டாம் லயத்தின் ஐந்தாம் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். 7/7ஐ எப்படித் திருப்பினாலும் 7/7தான். முதலாம் லயத்து முதல் வீடான 1/1உம் அப்படி. அதனால்தான் சோதனையில் எதுவும் தெரியவில்லை.

சொல்ல வாய் திறந்தேன். மதிப்பிட வந்தவர் உதவக்கூடாது என்பது விதி. மூடிக்கொண்டேன். விதி இல்லாவிட்டாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சுபாஷினி தாளைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒரு நிமிஷம். வள்ளியக்கா, மாரிமுத்து அண்ணன் வீடு எது?"

"ரெண்டாம் லயம் மொத வீடு. ஏன், போய்க் கூட்டிட்டு வரணுமா?"

"இது மொதலாம் லயம் ரெண்டாவது வீடு." கோப்பைப் புரட்டினாள். 2/1 என்ற தாளை எடுத்தாள். படித்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். பிறகு 3/1. பிறகு 4/1. மூன்று தாளையும் உருவிப் பூசாரியிடம் நீட்டினாள்.

"ஐயா, இத வாசிங்க."

பூசாரி இராமையாவைப் பார்த்தார். இராமையா வானத்தைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒன்றும் இல்லை. "வாசிங்க" என்றார்.

"வடிவேல், அஸ்த நட்சத்திரம், கன்னி ராசி. வள்ளியம்மை, திருவோண நட்சத்திரம், மகர ராசி."

"வந்துட்டாருய்யா வீட்டுக்கு" என்று யாரோ கத்தினார்கள். வடிவேல் கும்பிட்டார். சாமியையா கூட்டத்தையா தெரியவில்லை.

நான்காம் வீட்டுக் கிழவரைத் திரும்ப வெளியே கூட்டி வந்தார்கள்.

"எல்லாம் திரும்பி இருக்கு" என்றாள் சுபாஷினி. "லயத்தையும் வீட்டையும் மாத்திப் போட்டா சரியா வரும். நான் எடுத்துத் தாறேன். நீங்க வாசிச்சுக்கிட்டே வாங்க."

தேர் ஓடத் தொடங்கியது. 1/5க்கு 5/1. 1/6க்கு 6/1. அவள் ஒரு கையால் புரட்டி மறு கையால் நீட்டினாள். பன்னிரண்டு வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. பதின்மூன்றாம் வீட்டு வாசலில் அவள் கை நின்றது.

"என்னம்மா?" என்றார் பூசாரி.

"பதிமூணாம் லயம் நம்மகிட்ட இல்லையே."

பதினோராம் லயத்துக்காரர் இடுப்பில் கை வைத்தார். தப்புச் சத்தமும் நின்றுபோனது. அவள் கோப்பைக் கடைசி வரை புரட்டினாள். பிறகு முன்னால் வந்து, எழுதியிருந்தபடியே 1/13 தாளை எடுத்தாள். படித்துவிட்டு வாசலில் நின்ற ஆளிடம் கேட்டாள்.

"அண்ணே, நீங்க சித்திரை நட்சத்திரமா?"

"ஆமா. போன மாசம் நீதானம்மா வந்து எழுதிட்டுப் போன."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வகுப்பில் நான் அதைப் பார்த்ததில்லை. ஆறு மாதம் திரையில் முத்திரை அளவுக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்திருந்தேன்.

"மாமா, பன்னெண்டுக்கு மேல போனா அப்படியே. பன்னெண்டு வரைக்கும்னா திருப்பணும். அவ்வளவுதான்."

"ஏன் அப்பிடி?" என்றார் இராமையா.

"வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தானே மாமா இருக்கு."

பதின்மூன்றை எந்த இயந்திரமும் மாதம் என்று எடுக்காது. இராமையாவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் தேரைப் பார்த்துக் கையைக் காட்டினார். ட்ரக்டர் நகர்ந்தது.

அவள் சொன்னது ஒரு நிபந்தனைச் சூத்திரம். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். வகுப்பில் அதை ஒருமுறைகூட அவள் பிழையில்லாமல் எழுதியதில்லை. அடைப்புக்குறி ஒன்றாவது விடுபட்டிருக்கும்.

மூன்றாம் லயம் போகும்போது சனங்களே கற்றுக்கொண்டார்கள். தேர் வந்து நிற்கும் முன்பே, "மூணு ஒன்பது, ஒன்பது மூணு எடு" என்று கத்தினார்கள். சின்னப் பெண்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். தப்பு அதற்கும் அடித்தது. ஐந்தாம் லயத்தில் ஒருவர் என்னிடம் மோர் கொடுத்தார். ஆறாம் லயத்தில் இன்னொருவர் கொடுத்தார். இரண்டையும் குடித்தேன்.

ஏழாம் லயம் ஏழாம் வீடு. புஷ்பவதி தட்டோடு நின்றாள். பூசாரி வாசித்தார். புஷ்பவதி, பூரம், சிம்மம். சுபாஷினி, ரேவதி, மீனம். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஜெராட் சேர், உத்திராட நட்சத்திரம், மகர ராசி."

"நான் எங்கே வந்தேன்?" என்றேன்.

"விருந்தாளியையும் போடணும்ல சேர்" என்றாள் சுபாஷினி.

"நட்சத்திரம் எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது."

"காலியா விட்டா அது அடுத்த வரிக்குப் போக விடாது. நீங்கதானே கட்டாயம் நிரப்பணும்னு போடச் சொன்னீங்க. உங்க பொறந்த நாள் வட்ஸ்அப்ல இருந்துச்சு. நேரம் தெரியல. அதனால கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்."

"சேர் வேதமாச்சே, சர்ச்சுக்குப் போறவராச்சே" என்று யாரோ சொன்னார்.

"இருக்கட்டும். முருகன் இன்னைக்கு மாரிமுத்துவையே வள்ளியக்கா வீட்டுல பாத்துட்டாரு" என்றார் இராமையா.

பூசாரி என் பக்கம் தட்டை நீட்டினார். "வீட்டுக்கார அம்மா பேரும் சொல்லுங்க" என்றார்.

"தவறிட்டாங்க" என்றேன்.

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து பிடித்தார். தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. புஷ்பவதி என் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்து அழுத்தினாள். அங்கேயே உரித்துச் சாப்பிட்டேன்.

பதினோராம் லயத்தை எட்டியபோது மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. தப்பு வேகம் எடுத்தது. பூசாரி மூச்சு வாங்கினார். சுபாஷினியின் சேலைத் தலைப்பு சேற்றில் புரண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் லயம் கடைசி வீடு பதினாறாம் எண். அப்படியே. கடைசிப் பெயரை வாசித்துச் சூடம் காட்டியபோது முதல் துளி பூசாரியின் தாளில் விழுந்தது. பதினோராம் லயத்துக்காரர் அவரை அப்படியே இடுப்போடு தூக்கினார். பூசாரி, "சாமியத் தூக்குங்கடா, சாமியத் தூக்குங்கடா" என்று கத்தினார்.

பிறகு எல்லோரும் நனைந்துகொண்டே சாப்பிட்டோம். சாமி மட்டும் நனையவில்லை.

பிரச்சினை முடிந்துவிடவில்லை. என் அறிக்கையில் ஒரு கேள்வி இருந்தது. முறைமை பிழையின்றி இயங்கியதா? இல்லை என்று எழுதினேன். அதுதான் உண்மை. பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இணைப்பாளர் நிஷ்மியா மிஸ் கண்டியிலிருந்து போன் எடுத்தார்.

"ஜெராட், இல்லைன்னு போட்டா ஃபெயில்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மிஸ். நீங்களே அவவைக் கேட்டுப் பாருங்க. அதுக்குப் பிறகு முடிவெடுங்க."

திங்கட்கிழமை காலை இணையத்தில் வாய்மொழித் தேர்வு. திரையில் நிஷ்மியா மிஸ், நான், டாங்கி, பனி, சுபாஷினி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டு வந்து வந்து போனது.

"உங்க தரவுத்தளம் பிழையா வேலை செஞ்சிருக்கு" என்றார் நிஷ்மியா மிஸ்.

"ஆமா மிஸ். பிழைதான்."

"ஏன்?"

சுபாஷினி சொன்னாள். போன், மடிக்கணினி, நாள், மாதம், ஏழுக்கு ஏழு. ஒரு தடவையும் தடுமாறவில்லை. பிறகு திரையைக் காட்டினாள். வீட்டு எண் வரிசையை அழித்து, எழுத்து வகையாக்கி, முதலிலிருந்து அடித்திருந்தாள். பன்னிரண்டு லயமும் திரும்ப. ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. சோதனைக்கு நிஷ்மியா மிஸ் 7/7 என்றார்.

"அது வேணாம் மிஸ். அதுல எதுவும் தெரியாது. ரெண்டு நம்பரும் வேற வேறயா, பன்னெண்டுக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

நிஷ்மியா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு ஒன்பது" என்றார். வந்தது. "ஒன்பது நாலு." அதுவும் வந்தது.

அப்போது சிவப்புத் துண்டு திரை முழுக்க நிறைந்தது. இராமையாவின் தாடை மட்டும் தெரிந்தது.

"மிஸ், நான் கோயில் தலைவர் பேசுறேன். போன வருஷம் பதினோராம் லயத்துக்கு சாமி நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. இந்த வருஷம் காஞ்சுக்கிட்டு வந்தாரு. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்து செய்ங்க."

"உங்கள யாரு உள்ள வரச் சொன்னது?" என்றார் நிஷ்மியா மிஸ். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முடிவு வந்தது. சித்தியடைந்திருந்தாள். அது மட்டுமல்ல, பிழையைக் கண்டறிந்து திருத்தியதற்கென்று ஒரு தனிக் குறிப்பும் வந்தது. றம்ஸி வகுப்புக் குழுவில், 'பெப்ரவரி வீட்டுக்கு அட்வான்ஸ் கொண்டு வாறேன்' என்று எழுதினான். 'அதுக்குள்ள பூசாரி ஐயா குடியேறிட்டாரு' என்று அவள் பதில் போட்டாள்.

இப்போது அவள் மாத்தளையில் அந்தக் கம்பனிக்கு வேலைக்கு வருகிறாள். நான் அந்த வீதியால் போவதில்லை. போனால் கையாட்டுவாளாக இருக்கும்.

கல்வி நிலையம் புதிய பாடநெறிக்கு ஒரு துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறது. அதில் சுபாஷினியின் படம் இருக்கிறது. பச்சைச் சேலை. கீழே மேற்கோள் குறிக்குள், 'இந்தப் பாடநெறி எனது வாழ்வில் புதியதோர் அத்தியாயத்தைத் தொடக்கிவைத்தது' என்று போட்டிருக்கிறார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. தோட்டத்தில் இராமையா வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கடைசி நாள் வகுப்பில் அவள் எழுந்து நின்று, இந்தத் தோட்டத்து வீடு ஒவ்வொன்றும் என் தலைக்குள்ளே இருக்கிறது என்று சொன்னாளாம். அதையும் அவள் சொல்லவில்லை.

கடைசி வகுப்பில் நான் இருந்தேன். அது முடிவு வந்ததற்கு அடுத்த நாள். நான் நிறைவுரை மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டது. சுபாஷினி திரும்பிக் கீழே பார்த்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்று பார்த்தாள். பிறகு போனைக் கிட்டக் கொண்டுவந்தாள். அதன் பிறகு சிக்னல் போய்விட்டது. வகுப்பு முடியும்வரை அவள் திரும்ப வரவில்லை. சிக்னல் போக முன்பு அவள் உண்மையில் சொன்னது இதுதான்.

"சேர், வேன் வந்திருக்கு. அம்மா அந்த ட்ரைவருக்கு ரொட்டியும் சம்பலும் குடுத்து, புள்ள வரமாட்டா, நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா போங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் ஓடிப் போயி பாத்துட்டு வாறேன், அதுக்குள்ள வகுப்ப முடிச்சிராதீங்க."